ஒப்பந்தத்தில் இரண்டு பேர்

தினமும் காலையில் என் வீட்டு மாடிப்படியில் நான் பின்பக்கமாக இறங்குகிறேன். கிணற்றுக்குள் ஏணி போட்டு இறங்குகிறவன் எப்படி இறங்குவானோ அப்படி. முகம் படிகளைப் பார்த்திருக்கும், இரண்டு கைகளும் மேல்படியைப் பற்றியிருக்கும், கால் மட்டும் கீழே துழாவும். மொத்தம் பதினேழு படிகள். ஒவ்வொன்றின் அகலமும் என் பாதத்தில் பாதி. கைப்பிடி கிடையாது, சுவரோரமாக ஒரு தடித்த கயிறு தொங்குகிறது. வீடு முந்நூறு ஆண்டுப் பழையது. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம் என்று அரசாங்கம் அதன் முகப்பில் நீலமும் வெள்ளையுமாக ஒரு சிறிய தகடு அடித்து வைத்திருக்கிறது. அதனால் படியை மாற்றக் கூடாது, கதவுக்கு வேறு வண்ணம் பூசக் கூடாது, சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் முதலில் கேட்க வேண்டும். எழுபத்து மூன்று வயதில் நான் இங்கே உருண்டு விழுந்தால், படிக்கு ஏதாவது ஆயிற்றா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இடம் நெதர்லாந்தில் லெய்டன் நகரம், கால்வாய் ஓரத்துப் பழைய தெரு. காசுள்ளவர்களும் பேராசிரியர்களும் வாழும் பகுதி என்கிறார்கள். வீட்டுக்கு முன்பக்கம் ஒன்பது ஜன்னல்கள். ஒன்றிலும் திரை இல்லை. நான் சோற்றைப் பிசைவதைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கலாம். திரை போட்டால் என்ன என்று கேட்டதற்கு, மறைக்க ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று என் மகள் சொன்னாள். மறைக்க இருந்தது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நான் விழுப்புரம், திண்டிவனம் தாலுகா அலுவலகங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சர்வேயராக இருந்தவன். சொந்த ஊர் பனமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் மனைவி மாதலேன் புதுச்சேரிக்காரி. அவளுடைய தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் அவளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது, அவள் வழியாக எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்கும் வந்தது. ஸ்டெல்லா இங்கே மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். மருமகன் ஜெரோம் கணினி வேலை. மாதலேன் இறந்த பிறகு, திண்டிவனத்து வீட்டில் நான் தனியாகச் சமைத்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மகள் என்னைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். பிள்ளையை அண்டியிருக்கும் தகப்பன் என்று காட்டினால் எனக்கு இங்கே தங்கும் அட்டை கிடைக்கும். அட்டைக்கு நகராட்சியில் பதிந்த முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். அவர்கள் இருந்த ஒற்றை அறைக் குடியிருப்பின் ஒப்பந்தம் முடியும் நேரம். ஆகவே வீடு தேடினோம்.

பதினான்கு வீடு பார்த்தோம். இங்கே வீடு பார்ப்பதென்பது வேலைக்கு நேர்காணல் போவது மாதிரி. தரகரை மக்கெலார் என்கிறார்கள். அவர் குறித்துக் கொடுத்த பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும். முன்னால் பார்த்தவர்கள் படியில் இறங்கும்போது, பின்னால் பார்க்க வேண்டியவர்கள் வாசலில் நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பைப் போல ஒரு விரோதத்தை நான் வரப்புத் தகராறுகளில்கூடப் பார்த்ததில்லை. பிறகு வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்: நாங்கள் யார், என்ன வேலை, சனி ஞாயிறுகளில் என்ன செய்வோம், உங்கள் வீட்டை ஏன் விரும்புகிறோம். கூடவே சிரித்த முகத்தோடு ஒரு புகைப்படம். பெண் பார்க்க அனுப்பும் படம் போல ஜெரோம் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றான்.

நான்காவதாகப் பார்த்த வீட்டில் தரையே இல்லை. வெறும் சிமெண்டுப் பரப்பு, அதில் பழைய பசையின் கறை, கூரையில் விளக்கு இருந்த இடத்தில் இரண்டு கம்பி. ‘முன்பு இருந்தவர் தரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார், அது அவருடையது’ என்றார் மக்கெலார், வெகு இயல்பாக. குடித்தனக்காரர் தரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, காலி செய்யும்போது சுருட்டிக்கொண்டு போக வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் தரையை அளந்து பிழைத்தவன் முன்னால் இதைச் சொல்கிறார். எனக்கு வந்த கோபத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டேன். ஸ்டெல்லா அதை ‘அப்பாவுக்கு வெளிச்சம் பிடித்திருக்கிறது’ என்று மொழிபெயர்த்தாள்.

இன்னொரு வீட்டில் மக்கெலார் கேட்டார்: ‘நீங்கள் நிறையச் சமைப்பீர்களா? வீட்டுக்காரர் அமைதியானவர்களை விரும்புகிறார்.’ சமையலுக்கும் அமைதிக்கும் என்ன தொடர்பு என்று ஜெரோமுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இந்தக் கேள்வி விழுப்புரத்திலேயே என் காதில் விழுந்ததுதான்.

கல்யாணமான புதிதில் விழுப்புரத்தில் வீடு தேடி அலைந்தபோது பதினொரு வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, “நீங்க இன்னா ஆளுங்க?” நான் “வேதக்காரங்க” என்பேன், கிறிஸ்தவர்கள் என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். “அப்டீங்களா... வூட்ல ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்றேங்க” என்பார்கள். பதினொரு வீட்டிலும் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் பதில் வரவில்லை. பன்னிரண்டாவது ஆள் கோதண்டம் என்று ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். “எத்தினி பேரு?”

“ரெண்டே பேருதாங்க. நானும் எங்க வூட்லயும்.”

ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். ‘இரண்டே பேர்’ என்று வந்தவன் யாரும் இரண்டு பேராக இருக்க மாட்டான் என்பது கோதண்டத்துக்கும் தெரியும். நான்காம் மாதம் ஒருநாள் அவர் மாடியில் நின்று எங்கள் துணிக்கொடியை எண்ணினார்.

“இன்னா சர்வேயர் சார், ஊரு நெலத்தயெல்லாம் அளந்துக்கினு வர்றீங்க, ஒங்க வூட்டு ஆளுங்கள எண்ணத் தெரியலியா? ரெண்டு பேருக்கு அஞ்சு பாவாடையா?”

“ஒறமொறைங்க வந்துருக்காங்க சார், போயிருவாங்க.”

“போவட்டும், போவட்டும். தங்கச்சி கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பத்திரிக வெச்சிருங்க. கெணத்துத் தண்ணிய மட்டும் பாத்துப் பொழங்குங்க.”

அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகள் அங்கே ஐந்து பேராக இருந்தோம். மூத்த தங்கையின் கல்யாணத்தில் முதல் பந்தியில் கோதண்டம்தான் உட்கார்ந்தார். நம் பக்கத்தில் வீடு கேட்கும்போது சொல்லும் எண்ணிக்கை, பேரத்தில் முதலில் சொல்லும் விலை மாதிரி. யாரும் அதைச் சத்தியமென்று எடுத்துக்கொள்வதில்லை.

பதினைந்தாவதாகப் பார்த்ததுதான் இந்தப் படி வீடு. வீட்டுக்காரி மார்க்ரீத் கீழ்த்தளத்தில் வாழ்கிறார், மேலே இரண்டு தளங்களையும் வாடகைக்கு விடுகிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, என் வயதுதான் இருக்கும், பனைமர உயரம். மழையிலும் சைக்கிளில் போகிறார். அன்று வாசலில் ஒன்பது குடும்பங்கள் நின்றன, எண்ணினேன். மக்கெலாரை விட்டுவிட்டு அவரே எல்லோரையும் அழைத்துக் காட்டினார். மேல்தளத்தில் சரிந்த கூரைக்குக் கீழே ஒரு சிறிய அறை. கட்டில் போடலாம், கால்வாய் தெரியும். இது எனக்கு என்று அந்த நிமிடமே நினைத்துவிட்டேன். அப்போதுதான் அவர் திரும்பிக் கேட்டார்: ‘எத்தனை பேர் வாழப்போகிறீர்கள்?’

ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். ‘இரண்டே பேர், மேடம். இவளும் கணவனும். நான் தகப்பன், பார்க்க வந்தேன், திரும்பிப் போய்விடுவேன்.’

சரளமாக வந்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கம். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை நான் பொருட்படுத்தவில்லை. மார்க்ரீத் ஒரு சிறிய நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் வீடு எங்களுக்கு என்று செய்தி வந்தது. என்னால்தான் கிடைத்தது என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

குடிவந்து என் பெயரைப் பதியப் போகலாம் என்றபோது ஸ்டெல்லா ஒப்பந்தத்தை மேசையில் விரித்தாள். பத்தொன்பது பக்கம். ஏழாம் பக்கத்தில் இரண்டு பெயர்கள். அதன் கீழே, வீட்டுக்காரியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் மூன்றாவது நபர் யாரும் இங்கே வாழவோ பதியவோ கூடாது என்று ஒரு வரி.

“கையெழுத்துப் போடும்போது பாக்கலியாம்மா?”

“பாத்தேன்ப்பா. குடிவந்துட்டு மெதுவா கேக்கலாம்னு உட்டேன். நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா அன்னிக்கே மூணு பேருன்னு சொல்லியிருப்பேன். இன்னாத்துக்குப்பா முந்திக்கின?”

“மூணு பேருன்னா குடுத்திருக்க மாட்டா.”

“குடுக்காட்டி போவுது. இப்ப நீயே ஒன்ன இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டியே!”

ஜெரோம் இடையில் வந்து, “உடு ஸ்டெல்லா. மாமா, நீங்க ஒக்காருங்க” என்றான். உட்கார்ந்தேன். நான்கு மாதத்துக்கு மேல் தங்கும் யாரும் இங்கே பதிந்தாக வேண்டும். எனக்கு ஏழு வாரம் மிச்சம் இருந்தது.

மறுநாள் கீழே போய் மார்க்ரீத்தைப் பார்த்தோம். காபி கொடுத்தார். தன்னைப் பெயர் சொல்லி அழைக்கச் சொன்னார். எழுபது வயதுப் பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. ‘மேடம்’ என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னாள். மார்க்ரீத் என் பக்கம் திரும்பினார்.

‘நீங்கள் திரும்பிப் போவதாகச் சொன்னீர்கள்.’

‘சொன்னேன்.’

‘அது பொய்யா?’

இப்படி நேருக்கு நேராகக் கேட்கிறார்கள், நீதிமன்றத்தில் வக்கீல்கூட இரண்டு சுற்றுச் சுற்றித்தான் இந்த இடத்துக்கு வருவார். ‘பொய் என்று இல்லை. எங்கள் ஊரில் வீடு கேட்கும்போது அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்காரருக்கும் தெரியும்’ என்றேன்.

‘எனக்குத் தெரியாதே.’ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். ‘போன வாரம் மேலே குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். அதுவும் உங்கள் ஊரில் சொல்வதுதானா?’

குழாய் நிஜமாகவே ஒழுகவில்லை. மூன்று முறை விரலை வைத்துப் பார்த்தவன் நான். அதைச் சொல்ல வாயெடுத்தபோது ஸ்டெல்லா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். “அப்பா, கம்முனு இரு.”

மார்க்ரீத் அந்தச் சிறிய நோட்டை எடுத்துவந்து புரட்டினார். ‘அன்று ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, அவளுடைய தாய். மூன்று பேர் என்று சொன்னார்கள். எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. இந்தப் படியும் பழைய குழாய்களும் இரண்டு பேருக்குத்தான் தாங்கும் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது அவர்களிடம் நான் என்ன சொல்வது?’

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாவது ஆள் ஏறினால் நொறுங்கிவிடும் படியா அது? இதே வீட்டில் அவருடைய தாத்தா காலத்தில் வேலைக்காரர்களோடு பதினொரு பேர் வாழ்ந்ததாக அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று மார்க்ரீத் எழுந்துகொண்டார்.

காத்திருந்த நாட்களில் திண்டிவனத்திலிருந்து செல்வம் போன் செய்தான். மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், நான் கிளம்பிய பிறகு மனைவியோடும் மகளோடும் என் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறான்.

“சார், நல்லா இருக்கீங்களா? குளிரு எப்டி சார்? ஒண்ணுமில்ல சார், எங்கம்மா கிளியனூர்லேர்ந்து வந்துட்டாங்க, அங்க தனியா வெச்சிக்க முடியல. முட்டி ஆப்ரேசன் பண்ணணும். காப்பீட்டுக்கு ஆதார்ல இந்த அட்ரசுக்கு மாத்தணும்ங்கறாங்க. வூட்டு ஓனரு லெட்டரு ஒண்ணு ஓணும் சார்.”

“மூணு பேருன்னுதானேப்பா அக்ரிமெண்டு போட்டோம்?”

“ஆமா சார். இப்ப அம்மா வந்துட்டாங்களே சார்.”

“இருக்கட்டும். அட்ரசெல்லாம் குடுக்க முடியாது. கிளியனூரு அட்ரசுலயே பாத்துக்கோ.”

நம் ஊரில் வீட்டுக்காரராக இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் தெரியும். குடித்தனக்காரன் பெயரில் அந்த முகவரிக்கு ஓர் அட்டை வந்துவிட்டால், நாளைக்கு வீடு யாருடையது என்று கேட்பான். இதைத் தாலுகா அலுவலகத்தில் கண்ணால் பார்த்தவன் நான். போனை வைத்துவிட்டு, “எடம் குடுத்தா மடத்தப் புடுங்குவானுங்க” என்று சத்தமாகவே சொன்னேன்.

ஸ்டெல்லா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் ஜெரோமிடம் சொன்னாள்: “கீழ ஒரு மார்க்ரீத் இருக்குதுன்னு நெனச்சேன். மேலயும் ஒண்ணு சோபாவுல ஒக்காந்துக்கினு இருக்குது.”

ஜெரோம் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போனான். இரண்டும் ஒன்றா? செல்வம் என்னை முன்கூட்டிக் கேட்டானா? கேட்டான், இப்போதுதான் கேட்டான். நான் மார்க்ரீத்தைக் கேட்டதும் அப்படித்தான். இந்தக் கணக்கு எனக்கு எந்தப் பக்கமிருந்து போட்டாலும் பிடிக்கவில்லை.

எட்டாம் நாள் மார்க்ரீத்தின் பதில் வந்தது. தபாலில் வந்தது. ஒரே கதவுக்குள் இருக்கிறோம், பதினேழு படி ஏறிவந்து சொல்லலாம், கீழே நின்று குரல் கொடுத்தாலும் கேட்கும். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டிருக்கிறார். அது ஊரெல்லாம் சுற்றி மறுபடி அதே வாசலுக்கு வந்திருக்கிறது. மிகவும் வருந்துவதாகவும், மூன்றாவது நபருக்குச் சம்மதிக்க முடியாதென்றும், நாங்கள் இதைப் புரிந்துகொள்வோம் என்று நம்புவதாகவும் நான்கு வரி. எனக்குப் புரியவில்லை என்று தமிழில் பதில் எழுதி, நானும் தலை ஒட்டிப் போடலாமா என்று பார்த்தேன்.

“நான் போயிர்றேம்மா” என்றேன். “திண்டிவனத்துலயே இருந்துக்கறேன். செல்வத்த வேற வூடு பாத்துக்கச் சொல்லிடலாம்.”

“அவன் அம்மாவ எங்கப்பா கூட்டிக்கினு போவான்?”

“அது அவன் பாடு.”

ஸ்டெல்லா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். “நாளைக்குக் காலைல கெமேன்டெ போறோம். பாஸ்போர்ட்ட எடுத்து வெச்சிக்கோ” என்றாள். கெமேன்டெ என்றால் நகராட்சி.

அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளம்பெண், நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள். பதிவுக்கு வீட்டுக்காரரை அவர்கள் கேட்பதில்லையாம். அந்த வீட்டின் முதன்மைக் குடியிருப்பாளர் யாரோ, அவர் கையெழுத்துப் போட்டால் போதும். அது ஸ்டெல்லா. ‘ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் அது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள விஷயம். அவர் வழக்குப் போடலாம், எனக்குத் தெரியாது. ஒருவர் எங்கே வாழ்கிறாரோ அங்கே அவரைப் பதிவது எங்கள் கடமை’ என்றாள்.

ஸ்டெல்லா பேனாவை எடுத்தாள். அந்த வீட்டுக்காக அவர்கள் எத்தனை கடிதம் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் வீடு போகலாம் என்றும் தெரியும். “வேணாம்மா” என்றேன். அவள் கேட்கவில்லை, போட்டுவிட்டாள். இளம்பெண் காகிதத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், ஆங்கிலத்தில், மெதுவாக, எனக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி: ‘ஐயா, நீங்கள் இந்த முகவரியில்தான் வாழ்கிறீர்களா?’

என்னைப் பற்றி இத்தனை பேர் எழுதியும் மறுத்தும் முடித்த பிறகு, முதல்முறையாக ஒருவர் என்னையே கேட்கிறார். ‘ஆமாம்’ என்றேன். போதவில்லை என்று தோன்றியது. ‘மூன்றாவது ஆள்’ என்றும் சேர்த்துச் சொன்னேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

அன்று வந்ததும் செல்வத்துக்கு வேண்டிய கடிதத்தை எழுதி, கையெழுத்திட்டு, படமெடுத்து அனுப்பினேன். மனம் ஒப்பி எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். இனிமேல் அந்த வீட்டில் யார் யார் வந்து தங்குவார்களோ என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்க்ரீத்துக்கு ஸ்டெல்லாவே நேரில் போய்ச் சொன்னாள். வக்கீலைக் கேட்கப்போவதாக அவர் சொன்னாராம். கேட்டாரா என்று தெரியவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் இப்போதும் ‘தாக்’ என்று வணக்கம் சொல்கிறார். அதை இந்த நாட்டில் கொலைகாரனுக்கும் சொல்வார்கள். தபால் எல்லாம் பொதுக்கதவின் துளை வழியாக மிதியடி மேல் விழும். அவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு எங்களுடையதை அடுக்கி முதல் படியில் வைப்பார். போன செவ்வாய்க்கிழமை மாலை நான் நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது ஸ்டெல்லாவின் இரண்டு கடிதங்களும் ஜெரோமின் ஒன்றும் படியில் ஓரம் சீராக இருந்தன. நான்காவது ஒன்று மிதியடியில், விழுந்த இடத்திலேயே கிடந்தது. குனிந்து எடுத்தேன். நகராட்சியிலிருந்து. என் பெயரில் பாதி எழுத்து தப்பு, முகவரி மட்டும் சரி.

அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு படம் வந்தது. செல்வம் அனுப்பியிருந்தான், அவன் அம்மாவின் புதிய ஆதார் அட்டை. நெற்றி நிறைய விபூதி பூசிய, நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு கிழவி. கீழே என் வீட்டுக் கதவு எண், என் தெரு, திண்டிவனம். அவள் பெயரில் ஓர் எழுத்தும் தப்பில்லை.

ஒரு கையில் உறையும் மறு கையில் போனுமாக அங்கேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. கதவு பாதி திறந்திருந்தது. அந்த நடை ஓர் ஆள் அகலம்தான். மார்க்ரீத் உள்ளிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் வழியில் நிற்பதைப் பார்த்து நின்றார். என் கையில் இருந்த உறையையும் பார்த்தார்.

‘உள்ளே வருகிறீர்களா, வெளியே போகிறீர்களா?’ என்றார்.

சாதாரணக் கேள்விதான், அவருக்கு வழி வேண்டும். கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். நானோ முதுகைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, சைக்கிளின் கைப்பிடி என் சட்டைப் பொத்தானை உரசிக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றேன்.